பேசுவதற்கு ஆன செலவு

நம் ஊர் ஜமாஅத்தின் வரவு செலவுப் பேரேடு ஒன்பது ஆண்டுகள் நம் கையில் இருந்தது. நீல அட்டை போட்ட நீண்ட பேரேடு. இடப்பக்கம் வரவும் வலப்பக்கம் செலவுமாக எழுதி, ஒவ்வொரு செலவுக்கும் உரிய வவுச்சரைக் கம்பியில் குத்தி வைத்து, ஆண்டுக்கொரு முறை பொதுக்கூட்டத்தில் படித்துக் காட்டுவோம். ஒரு காசு குறைந்ததில்லை. ஒரு காசு மிகுந்ததுமில்லை. அந்தப் பெருமை நமக்கு இன்றும் உண்டு. ஆயினும் அப்பேரேட்டில் எழுதாமல் விட்ட ஒரு செலவு, எழுதிய அத்தனை செலவுகளையும்விட அதிகமாக நம் நெஞ்சை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தோம்.

1990களின் நடுப்பகுதியில் நடந்தது இது. ஊரின் தென்கோடியில் நம் மையவாடி. அதன் சுவரை ஒட்டிக் கடலுக்குச் செல்லும் பாதை. பாதைக்கு அப்பால் மீனவர் குப்பமும் அவர்களுடைய அந்தோணியார் கோயிலும். மழையில் சரிந்த மையவாடிச் சுவரை ஜமாஅத் புதிதாகக் கட்டியபோது, பாதையில் இரண்டு முழம் விழுங்கப்பட்டுவிட்டதாகக் குப்பத்தார் சொன்னார்கள். இல்லை, பழைய கடைகாலின் மீதே எழுப்பினோம் என்று நம்மவர் சொன்னார்கள். வாய்ப்பேச்சு கல்லாயிற்று. நம் தெருப் பையன் ஒருவனுக்கு மண்டை உடைந்தது. அன்றிரவே கரையில் கிடந்த இரண்டு வலைகள் எரிந்தன. எரித்தவர் யாரென்று ஊரறியும். யாரும் வாய் திறக்கவில்லை. குப்பத்துப் பெண்கள் நம் தெருவுக்கு மீன் கூடை கொண்டு வருவதை நிறுத்தினார்கள். நம் கடைக்காரர்கள் குப்பத்துக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தினார்கள். போலீஸ் வண்டி ஒன்று பாதையின் முனையில் நிரந்தரமாக நிற்கலாயிற்று.

அந்நாளில் கருவாட்டு வியாபாரம் செய்துவந்த மரைக்காயர் ஒருவர் இருந்தார். வயதில் சிறியவர் பெரியவர் என்றில்லாமல் ஊரே அவரைக் 'காக்கா' என்றுதான் அழைக்கும். முப்பதாண்டுகளாகக் குப்பத்தில் மீன் எடுத்து உலர்த்தி விற்றவர். அங்குள்ள பிள்ளைகளின் பெயரெல்லாம் அவருக்குத் தெரியும். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் ஹவுளுக்கருகில் நம்மை நிறுத்தினார்.

"தம்பி, ஜமாஅத் பணத்திலிருந்து ஓர் ஐந்நூறு ரூபாய் வேண்டும்."

"எதற்குக் காக்கா?"

"ஒரு வேன் வாடகைக்கு எடுக்க வேண்டும். அவர்களில் நாலு பேர், நம்மில் நாலு பேர். உப்பளத்துப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்து பேசலாம். தேத்தண்ணிக்கும் கொஞ்சம் வேண்டும்."

"பேரேட்டில் என்னவென்று எழுதுவது?"

அவர் சற்று யோசித்தார். "பேசுவதற்கு என்று எழுதுங்களேன்" என்றார்.

நாம் சிரித்துவிட்டோம். தீய எண்ணத்தில் அல்ல. 'பேசுவதற்கு' என்றொரு செலவுத் தலைப்பு நம் பேரேட்டில் இல்லை. யார் யார் வருகிறார்கள் என்று பெயரெழுதி, நிர்வாகக் கமிட்டியில் வைத்து, தீர்மானம் போட்டுத் தருகிறோம் என்றோம். பெயர் எழுதினால் ஒருவரும் வரமாட்டார் தம்பி என்று மெல்லச் சொல்லிவிட்டுக் காக்கா படியிறங்கிப் போய்விட்டார். அதற்குப் பின் அவர் நம்மிடம் கேட்கவில்லை.

நான்கு மாதங்களில் வழக்கு தீர்ந்தது. பாதைக்கு ஒரு முழம் விட்டுக்கொடுத்துச் சுவரின் ஒரு மூலை இடித்துக் கட்டப்பட்டது. மீன் கூடைகள் தெருவுக்குத் திரும்பின. எப்படித் தீர்ந்தது என்று எவரும் விசாரிக்கவில்லை, நாம் உட்பட. வழக்கு முற்றும்போது ஊர் முழுவதும் அதைப் பற்றிப் பேசும். தீர்ந்தபின் அது எப்போதும் தீர்ந்தே இருந்ததுபோல நடந்துகொள்ளும். மனிதர் இயல்பு அது.

அடுத்த ஆண்டு ஒரு நிக்காஹ் வீட்டில் பெண்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுவந்து நம் வீட்டில் நமக்குச் சொன்னார்கள். காக்காவின் மனைவியுடைய கைவளைகள் நான்கும் போய்விட்டனவாம். எரிந்துபோன இரண்டு வலைகளுக்கும் ஈடாக, வலைக் கடையில் தம் பேரில் கடன் சொல்லிப் புது வலைகள் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்தப் பணம் நம் தெருவார் மனமுவந்து கொடுத்தது என்று குப்பத்தாரிடம் சொல்லியிருக்கிறார். நம் தெருவாரிடமோ, குப்பத்தார் வலைக்கு ஈடு வேண்டாமென்று விட்டுவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். இரு தரப்பும் எதிர்த்தரப்பின் பெருந்தன்மையை எண்ணி வெட்கப்பட்டு இறங்கி வந்திருக்கின்றன. கடன் மட்டும் காக்காவோடு நின்றுவிட்டது.

மக்களிடையே இணக்கம் செய்விக்கும் பொருட்டு நல்லதைச் சேர்த்துச் சொல்பவர் பொய்யரல்லர் என்ற கருத்தில், உம்மு குல்தூம் பின்த் உக்பா (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ள நபிமொழியை நம்மவர் பலரும் அறிவார்கள். நாமும் அறிந்துதான் இருந்தோம். ஆனால் அந்த நன்மொழிக்குப் பின்னால் வலைக் கடைப் பற்றுச்சீட்டு ஒன்றும் இருக்கக்கூடும் என்பது நமக்குத் தோன்றியதில்லை.

நேரே ஹஜ்ரத்திடம் போனோம். அவர் நம் பேச்சைக் கடைசிவரை கேட்டுவிட்டு, ஜகாத் பெறத் தக்க எட்டு வகையினர் யாவர் என்று மதரஸா மாணவனைக் கேட்பதுபோல நம்மைக் கேட்டார். சூரத்துத் தவ்பாவின் 60ஆம் வசனத்தில் வரும் வகையினரை ஒவ்வொருவராகச் சொல்லிவந்தோம். ஆறாவதாகக் கடன்பட்டோரைச் சொன்னதும் நிறுத்தச் சொன்னார். கடன்பட்டோரில் ஒரு பிரிவினர், பகைத்து நிற்கும் இரு சாராரிடையே சமாதானம் உண்டாக்குவதற்காகத் தம் தலைமேல் பொறுப்பை ஏற்றுக்கொண்டு கடனாளியானவர்கள். நம் ஷாஃபிஈ மத்ஹபில் இத்தகையவர் செல்வராக இருந்தாலும் அவருக்கு ஜகாத்திலிருந்து கொடுக்கலாம். ஹனஃபி மத்ஹபில் அவர் ஏழையாக இருந்தால்தான். செல்வருக்கும் கொடுப்பானேன் என்று கேட்டோம். கொடுக்காவிட்டால் சமாதானம் செய்ய முன்வருபவர் தம் சொத்தை இழக்க நேரும். பிறகு எவரும் முன்வரமாட்டார் என்று விளக்கினார்.

நமக்கு ஒரே மகிழ்ச்சி. அப்படியானால் இந்த ரமலானிலேயே காக்காவுக்குக் கொடுத்துவிடலாமே என்றோம்.

"கடன் இன்னும் நிற்கிறதா?" என்று கேட்டார் ஹஜ்ரத்.

"இல்லை, வளையலை விற்று அடைத்துவிட்டார்."

"அப்படியானால் அவர் இப்போது கடனாளி அல்லர். தம் பொருளிலிருந்து அடைத்துவிட்டவருக்கு இந்தப் பங்கு இல்லை. நீங்கள் முன்பே வந்திருக்க வேண்டும்" என்றார்.

முன்பே வந்திருக்க வேண்டும் என்ற அந்த ஒரு சொல்லோடு வீடு திரும்பினோம்.

நிற்க. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து, 2007ஆம் ஆண்டு, ஸ்வீடனிலிருந்து வழங்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதைப் பெற்றோர் பட்டியலைப் பத்திரிகையில் பார்த்தோம். மாற்று நோபல் என்று உலகம் சொல்லும் விருது அது. பட்டியலில் கென்யா நாட்டைச் சேர்ந்த சோமாலி முஸ்லிம் பெண்மணி ஒருவரின் பெயர் இருந்தது: தெக்கா இப்ராஹீம் அப்தி. அவருடைய பணி ஒரு திருமண வீட்டில் பெண்கள் பேசிய பேச்சிலிருந்து தொடங்கியது என்று படித்ததும் நமக்குக் காக்கா வீட்டுக் கைவளைகள் நினைவுக்கு வந்தன. அன்று முதல் அந்த அம்மையாரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படிக்கலானோம்.

வஜீர் என்பது கென்யாவின் வடகிழக்கில், சோமாலியா, எத்தியோப்பியா ஆகிய இரு நாடுகளின் எல்லைகளுக்கருகே உள்ள வறண்ட மாவட்டம். ஒட்டகமும் ஆடுமாடும் கிணறுமே அங்கு வாழ்வு. மக்கள் சோமாலியர், முஸ்லிம்கள், நம்மைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபினர். ஒரே மொழி, ஒரே மார்க்கம். ஆயினும் டெகோடியா, அஜூரான், ஒகாடென் என்று குலங்கள் பல. ஒரே கிப்லாவை நோக்கி நிற்பவர்களிடையே சண்டை மூளாது என்று எண்ணிக்கொண்டிருப்போர் வஜீரைப் பற்றி அறிந்துகொள்வது நல்லது.

கென்யா விடுதலை பெற்ற 1963ஆம் ஆண்டிலேயே அந்தப் பகுதியில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பதாண்டுகள் அது நீடித்தது. 1984 பிப்ரவரியில் வகல்லா விமானத் தளத்தில் டெகோடியா ஆண்களை அரசுப் படையினர் திரட்டி வைத்து நடத்திய படுகொலையை அங்கே எவரும் மறந்ததில்லை. அரசு சொன்ன எண்ணிக்கை 57; உயிர் தப்பியோர் ஆயிரக்கணக்கில் என்கிறார்கள். இந்தப் புண் ஆறுமுன்னரே, 1991இல் சோமாலிய அரசு கவிழ்ந்து அகதிகளும் துப்பாக்கிகளும் எல்லை தாண்டி வந்தன. கொடிய வறட்சி கால்நடைகளின் பெரும்பகுதியைக் கொண்டுபோயிற்று. 1992இல் நடந்த பல கட்சித் தேர்தல் குலப் பகையை வாக்குப் பகையாகவும் ஆக்கிற்று. மேய்ச்சல் நிலத்தில் தொடங்கிய கொலைகள் நகரத்தின் சந்தைக்குள் வந்தன. ஒரு குலத்துப் பெண்ணின் பாலை மற்றொரு குலத்துப் பெண் வாங்கமாட்டாள்.

1993ஆம் ஆண்டில் ஓரிரவு, வீட்டைச் சுற்றித் துப்பாக்கிச் சூடு கேட்கத் தம் சிறு மகளை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் மணிக்கணக்கில் கிடந்ததைத் தெக்கா பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். விடிந்ததும் அவருடைய உம்மா, அறுபதுகளில் கைக்குழந்தையாயிருந்த உன்னை வைத்துக்கொண்டு நானும் இப்படித்தான் கட்டிலுக்கடியில் கிடந்தேன் என்றாராம். நாளை தம் மகளும் தன் குழந்தையோடு அதே கட்டிலுக்கடியில் கிடக்க வேண்டுமா என்ற எண்ணமே அவரை வெளியே கொண்டுவந்தது.

முதலில் ஒரு சில பெண்கள் மட்டும் கூடினர். திருமண வீட்டில் பல குலத்தாரும் கூடிய இடத்தில் பேசிய பேச்சு, அடுத்துச் சந்தைக்குப் போயிற்று. பால் விற்பவரும் கறி விற்பவரும் படித்த பெண்களும் ஒன்றாக உட்கார்ந்தனர். எவளையும் குலம் காரணமாக விற்கவோ வாங்கவோ தடுக்கக் கூடாது என்று முடிவாயிற்று. அதைக் கவனிக்கச் சந்தைப் பெண்களே ஒரு குழு அமைத்தனர். நாள்தோறும் என்ன தகராறு, என்ன வதந்தி என்று கேட்டறிந்து அன்றே பேசித் தீர்ப்பது அக்குழுவின் வேலை. இந்தப் பணியில் சேர வருகிறவர்களிடம் அவர்கள் வைத்த கேள்வி ஒன்றைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டோம். நாளை என் குலத்தார் உன் உறவினரைக் கொன்றால், அதன் பிறகும் என்னோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்வாயா? ஆம் என்று சொல்ல முடிந்தவரே உள்ளே வரலாம். நம் நிர்வாகக் கமிட்டிக்கு ஆள் சேர்க்கையில் நாம் கேட்ட கேள்விகளை எண்ணிக்கொண்டோம்.

சந்தை அடங்கினாலும் மேய்ச்சல் நிலத்துக் கொலை நிற்கவில்லை. கொலைக்குப் பதில் கொலையா, ஈடா என்று சொல்லும் உரிமை ஆண் மூப்பர்களிடம் இருந்தது. பெண்கள் தாமே போய் நியாயம் பேசினால் அது ஏறாது. ஆகவே அவர்கள் மூப்பர்களைக் கூட்டும் வேலையை மட்டும் தாங்கள் எடுத்துக்கொண்டு, பேச்சைத் தொடங்கிவைக்கச் சிறிய குலம் ஒன்றைச் சேர்ந்த, எவருக்கும் போட்டியாகாத ஒரு பெரியவரை அணுகினார்கள். நம் காக்காவின் தென்னந்தோப்பைப் போல, எவர் கண்ணையும் உறுத்தாத நிழல் அது. அந்தக் கூட்டங்களின் முடிவில் 1993 செப்டம்பரில் மூப்பர்கள் ஒப்பமிட்டதே அல்ஃபத்தாஹ் உடன்படிக்கை. பின்னர் இளைஞர்கள் சேர்ந்தனர். 1995இல் பெண்கள், மூப்பர்கள், இளைஞர்கள், மார்க்க அறிஞர்கள், அரசு அதிகாரிகள் அனைவரையும் கொண்ட வஜீர் சமாதான வளர்ச்சிக் குழு மாவட்ட நிர்வாகத்தோடு இணைக்கப்பட்டது. எங்காவது மாடு கடத்தப்பட்டது, ஒருவன் சுடப்பட்டான் என்று செய்தி வந்தால், பழிவாங்கப் புறப்படுமுன் அங்கே போய் உட்கார்வதற்கு ஒரு விரைவுக் குழுவும் ஏற்பட்டது.

இதில் பணம் எங்கே வருகிறது என்று கேட்கலாம். எல்லா இடத்திலும் வருகிறது. நூறு மைலுக்கப்பால் மேய்ச்சல் நிலத்தில் பிணம் கிடக்கும்போது மூப்பர்கள் நடந்து போக முடியாது. வண்டி வேண்டும், வண்டிக்குப் பெட்ரோல் வேண்டும், போன இடத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தால் ஆடறுத்துச் சோறு போட வேண்டும். வீட்டில் ஆடு மேய்க்க ஆளில்லாத மூப்பருக்கு அந்த இரண்டு நாள் கூலியை யார் கொடுப்பது? தொடக்கத்தில் இவையெல்லாம் பெண்களின் கைக்காசிலிருந்தும், உள்ளூர் வணிகர் கொடுத்ததிலிருந்தும் நடந்தன. சண்டையால் கடை மூடியவனுக்குச் சமாதானத்தின் விலை தெரியும். ஆக்ஸ்ஃபாம் போன்ற வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களின் உதவி பின்னர்தான் வந்தது. முதலில் பணம் வந்து பிறகு பேச்சு தொடங்கியிருந்தால், அது பணத்தின் பேச்சாகத்தான் இருந்திருக்கும் என்பது நம் கருத்து.

வெளியிலிருந்து உதவுவோரைக் குறை சொல்வது எளிது. அவர்களும் யாரோ ஒருவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள். நம்மைப் போல அவர்களுக்கும் ஒரு நீலப் பேரேடு உண்டு. எத்தனை கூட்டம், எத்தனை பேர், என்ன பலன் என்று அதில் எழுதியாக வேண்டும். நடக்காமற்போன கொலையை எந்தக் கட்டத்தில் எழுதுவது? வந்தவர்களின் பெயர்ப்பட்டியலும் கையொப்பமும் கேட்கிறார்கள். பகைவனோடு உட்கார்ந்து தேநீர் குடித்ததாகத் தன் பெயர் காகிதத்தில் ஏறினால், தன் சொந்தக் குலத்தாராலேயே அவனுக்கு ஆபத்து நேரலாம். ஓராண்டுத் திட்டம் என்று பணம் தருகிறார்கள். பகை ஓராண்டில் முடிவதில்லை. விண்ணப்பம் எழுதி அது பரிசீலிக்கப்பட்டுப் பணம் வந்து சேர ஆறு மாதமாகும். பழிவாங்கப் புறப்பட்டவன் ஆறு நாழிகை காத்திருக்கமாட்டான்.

மிகுதியான பணம் செய்யும் கேடு வேறு. வஜீரின் முறையைப் பார்த்துக் கென்யாவின் பிற மாவட்டங்களிலும் சமாதானக் குழுக்கள் தோன்றின. 2001இல் அரசே அதற்கென்று ஒரு தேசிய வழிநடத்தும் குழுவை அமைத்தது. அதன்பின் சில இடங்களில், கூட்டத்துக்கு வந்து உட்கார்வதற்கான படிப்பணம் எவ்வளவு என்று கேட்ட பிறகே வருவோரும், படிப்பணத்துக்காகவே உறுப்பினராக விரும்புவோரும் உண்டானார்கள் என்று படிக்கிறோம். நம் ஊர்களில் சங்கங்களின் கதை தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. அதற்காகக் கொடுக்காமலே இருந்துவிடலாமா என்றால், நாம் அதைச் செய்து பார்த்தவர்கள்.

வடஅயர்லாந்தில் ஒரு வழி கண்டார்கள். 1995 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அங்கே சமாதானத்துக்கென்று பெருந்தொகை கொடுத்தபோது, அதை முழுவதும் தலைமை அலுவலகத்திலிருந்தே வழங்காமல், உள்ளூரை அறிந்த இடைநிலை அமைப்புகளின் கையில் பிரித்துக் கொடுத்தார்கள். 1979இல் தொடங்கிய வடஅயர்லாந்துத் தன்னார்வ அறக்கட்டளை அவற்றுள் ஒன்று. பெரிய மூட்டையைச் சின்னப் படியால் அளந்து கொடுக்கும் வேலை. அங்கும் படிவம் நிரப்பியே களைத்துப்போனோம் என்று சிறு குழுக்கள் முறையிட்டன. ஆயினும் கேட்கிறவனின் முகம் தெரிந்தவன் கையில் படி இருந்தது ஒரு நன்மை.

வஜீரில் எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. 2014இலும் வஜீர், மண்டேரா எல்லையில் டெகோடியாவினரும் கரி குலத்தினரும் மோதிக்கொண்டார்கள், பலர் மாண்டனர். சமாதானம் ஒருமுறை கட்டி முடித்துச் சாவி வாங்கிக்கொள்ளும் கட்டடமல்ல, வெள்ளையடித்துக்கொண்டே இருக்க வேண்டிய சுவர். நம் மையவாடிச் சுவரைப் பற்றி எண்ணும்போதும் இதுவே தோன்றுகிறது.

தெக்கா அம்மையாரின் கடைசிப் பெரும்பணி அவருடைய மாவட்டத்துக்கு வெளியே நடந்தது. 2007 டிசம்பரில் கென்யத் தேர்தல் முடிவை ஒட்டி நாடெங்கும் கலவரம் மூண்டபோது, ஓய்வுபெற்ற தூதர் பெத்துவெல் கிப்லகாத், ஜார்ஜ் வச்சிரா, தளபதிகள் டேனியல் ஒபாண்டே, லாசரோ சும்பைவோ ஆகியோரோடு இவரும் சேர்ந்து, நைரோபியில் ஓர் ஓட்டலில் நாள்தோறும் காலையில் யாரும் வந்து பேசலாம் என்றொரு கூட்டத்தை நடத்தினார்கள். எந்த ஊரில் என்ன நடக்கிறது, யார் யாரிடம் பேசினால் நிற்கும் என்பதே அங்கே பேச்சு. கலவரம் மூண்ட சில நாட்களுக்குள் அது தொடங்கிவிட்டது. எந்த அறக்கட்டளையின் விண்ணப்பப் படிவமும் அவ்வளவு விரைவில் நிரம்பியிராது. 2011 ஜூலையில் ஒரு கார் விபத்தில் காயமுற்று அந்த அம்மையார் காலமானார். அதே விபத்து அவருடைய கணவரையும் கொண்டுபோயிற்று. இன்னாலில்லாஹி. 1964இல் பிறந்தவர், ஐம்பது வயதும் நிரம்பவில்லை.

அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க, ஹஜ்ரத் நமக்குச் சொன்ன மற்றொரு நபிமொழி மீண்டும் மீண்டும் மனத்தில் வந்தது. முஸ்லிம் ஷரீஃபில் உள்ளது. ஹிலால் கோத்திரத்தைச் சேர்ந்த கபீஸா இப்னு முகாரிக் (ரலி) அவர்கள், மக்களிடையே சமாதானம் செய்யும் பொருட்டு ஒரு பொறுப்புத் தொகையைத் தம்மேல் ஏற்றுக்கொண்டு, அதற்கு உதவி கேட்டுப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். ஸதகாப் பொருள் வரும்வரை இங்கே தங்கியிரும், வந்ததும் உமக்குக் கொடுக்கச் சொல்கிறோம் என்ற கருத்தில் பெருமானார் கூறினார்கள். பின்னர், பிறரிடம் கேட்பது மூவருக்கே ஆகும் என்று விளக்கினார்கள். சமாதானத்துக்காகப் பொறுப்பேற்றவர் ஒருவர். அவர் அந்தத் தொகை கிடைக்கும்வரை கேட்கலாம், கிடைத்ததும் நிறுத்திக்கொள்ள வேண்டும். பேரிடரால் பொருளை இழந்தவர் இரண்டாமவர். வறுமையுற்றவர் மூன்றாமவர், அவருடைய வறுமைக்கு அவருடைய சமூகத்தைச் சேர்ந்த அறிவுடையோர் மூவர் சாட்சி சொல்ல வேண்டும்.

இதில் நம் கண்ணில் பட்டது ஒன்று. மூன்று சாட்சிகள் வறியவருக்குத்தான் கேட்கப்படுகின்றன. முதலாமவரைப் பற்றிய பேச்சில் சாட்சி கேட்கப்படவில்லை. ஃபிக்ஹு நூல்களின் விவரம் வேறாக இருக்கலாம் என்று ஐயுற்று ஹஜ்ரத்தைக் கேட்டோம். ஊரறிந்த செய்தியாக இருந்தால் அதுவே போதுமென்று நம் மத்ஹபு நூல்களில் உண்டு என்றார். காக்காவின் செயல் ஊரறியாத செய்தியாக இருந்ததே என்றோம். "நீங்கள் அறிந்திருந்தீர்களே, பேசுவதற்கு என்று உங்களிடம் சொன்னாரே" என்றார். அதற்கு மேல் நாம் ஒன்றும் கேட்கவில்லை.

இஸ்லாத்துக்கு முற்பட்ட அரபகத்திலும் இந்த வழக்கம் இருந்தது. அப்ஸு, துப்யான் கோத்திரத்தாரிடையே ஒரு குதிரைப் பந்தயத்தில் தொடங்கி நெடுங்காலம் நீடித்த தாஹிஸ் போரை, ஹரிம் இப்னு சினான், ஹாரிஸ் இப்னு அவ்ஃப் என்ற இருவர் இறந்தோருக்கான ஈட்டுத் தொகை முழுவதையும் தாங்களே ஏற்று முடித்துவைத்தனர். மூன்றாண்டுகளில் 3000 ஒட்டகங்கள் கொடுத்தார்கள் என்பது வழக்கு. கவிஞர் ஸுஹைர் அவ்விருவரையும் புகழ்ந்து பாடிய நெடும்பாடல் கஅபாவில் தொங்கவிடப்பட்டதாகச் சொல்லப்படும் ஏழு கவிதைகளுள் ஒன்று. கைவளைகள் நான்கு கொடுத்த காக்காவின் மனைவியைப் பாட நம் ஊரில் கவிஞர் எவரும் வாய்க்கவில்லை. மாமியும் அதைப் பற்றி வாய் திறந்து நாம் கேட்டதில்லை. வெறுங்கையோடுதான் கடைசிவரை இருந்தார்கள்.

காக்கா மரணமடைந்து பல ஆண்டுகளாகின்றன. ஜனாஸா புறப்பட்டபோது குப்பத்தார் அந்தப் பாதையின் இருபுறமும் நின்றார்கள். அன்று அவர்கள் படகு இறக்கவில்லை. வலைப் பணத்தின் கதை அதற்குள் அவர்களுக்கும் தெரிந்திருந்தது. குப்பத்துப் பழைய தலைவர் நம்மிடம் வந்து, மரைக்காயர் சொன்ன பொய் எங்களுக்கு அப்போதே தெரியும் ஐயா, நம்பினதுபோல இருந்துவிட்டோம் என்றார். அவருடைய முகத்தை நாம் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பொருளாளர் பொறுப்பிலிருந்து விலகுமுன் நிர்வாகக் கமிட்டியில் நாம் ஒரு கோரிக்கை வைத்தோம். ஆண்டுக்கு ஒரு சிறு தொகையைத் தனியே ஒதுக்கி, முத்தவல்லியும் ஹஜ்ரத்தும் அறிய, பெயரோ வவுச்சரோ கேட்காமல் கொடுப்பதற்கு அனுமதி வேண்டும் என்று. இரண்டு கூட்டங்களில் கடும் வாதம் நடந்தது. கணக்கில்லாப் பணம் களவுக்கு வழி என்று சொன்னவர்கள் தவறாகச் சொல்லிவிடவில்லை. ஒன்பதாண்டுகள் நாமும் அதைத்தான் சொல்லி வந்தோம். மூன்றாவது கூட்டத்தில், தொகையைப் பாதியாகக் குறைத்து ஒப்புக்கொண்டார்கள்.

சென்ற ஆண்டு ஒருநாள் மஃரிபுக்குப் பின் இப்போதைய பொருளாளர் தம்பி நம் வீட்டுக்கு வந்தார். கணக்கெல்லாம் இப்போது கணினியில்தான். கைப்பேசியில் ஏதோ காட்டினார். இரண்டு பையன்களின் கிரிக்கெட் சண்டை இரு தெருச் சண்டையாக மாற இருந்ததாம். யாரோ ஒருவர் கேட்க, இவர் உடனே எடுத்துக் கொடுத்திருக்கிறார். கணினி செலவுக்குத் தலைப்பில்லாமல் மேலே போக மறுக்கிறதாம்.

"என்னவென்று போடட்டும் மாமா?" என்று கேட்டார்.

சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. ரூ. 640 என்ற தொகைக்கு நேரே அப்படியே தட்டெழுதிவிட்டு, தேநீரைக் குடித்து முடித்துப் புறப்பட்டுப் போனார்.